எல்லை தாண்டினால் ஷரத்தும் மாறும்
(வானொலியில் விவசாயிகளுக்காக நிகழ்த்திய உரை)



இன்றைக்கு உரம், மருந்து, விதை பற்றி நான் பேசப் போவதில்லை. காகிதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். குத்தகைச் சீட்டு, கிரய ஒப்பந்தம், கம்பெனிக்காரர்கள் நீட்டுகிற அச்சடித்த ஒப்பந்தம் என்று எத்தனையோ காகிதங்களில் நாம் கையெழுத்துப் போடுகிறோம். அந்தக் காகிதம் திம்பம் மலைக்கு இந்தப் பக்கம் ஒரு விதமாகவும், மாநில எல்லை தாண்டினால் வேறு விதமாகவும் செல்லுபடியாகும் என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது. தெரியாமல் போனதால் வந்த கஷ்டத்தை நேரில் பார்த்தவன் நான்.

தாளவாடிப் பக்கத்து விவசாயி ஒருவர் சில வருஷங்களுக்கு முன் என்னிடம் வந்தார். அம்பது வயசிருக்கும். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்த முத்திரைத்தாளை மேஜை மேல் வைத்தார்.

"ஏனுங்க வக்கீலய்யா, இது செல்லுமுங்களா?"

படித்துப் பார்த்தேன். சாம்ராஜ்நகர் மாவட்டத்தில் ஒருவருடைய பூமியை இஞ்சி போடுவதற்காக மூன்று வருஷக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். மூன்று வருஷத்துக் குத்தகைப் பணம் ஆறு லட்சத்தையும் முன்னாலேயே கொடுத்திருக்கிறார். சொந்தச் செலவில் குழாய் இறக்கி, சொட்டுநீர் போட்டு, முதல் வெள்ளாமையும் எடுத்துவிட்டார். அதற்குள் பூமிக்காரர் காலமாகிவிட்டார். மகன்கள் வந்து, "அப்பா எழுதிக் கொடுத்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை. எங்கள் ஊர்ச் சட்டப்படி குத்தகையே கிடையாது, நடையைக் கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

"நம்மூரு முத்திரைத்தாள்லதானுங்க எழுதுனோம். சாட்சி ரெண்டு பேரு கையெழுத்து இருக்குது. அப்பறம் எப்படிங்க செல்லாதுன்னு சொல்றாங்க?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பையன்கள் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. அதுதான் அவருக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த ஆறு லட்சத்தில் பாதி, வீட்டு நகையை அடகு வைத்த பணம்.

எப்படி இப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் அடியிலிருந்து பார்ப்போம். நம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. மத்திய அரசு சட்டம் செய்யும் விஷயங்கள் ஒன்றில், மாநில அரசு செய்வது இன்னொன்றில், இருவரும் செய்யலாம் என்பவை மூன்றாவதில். ஒப்பந்தம் என்பது இந்த மூன்றாவது பட்டியலில், அதாவது பொதுப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒரே மாதிரி நடக்கிறது. ஆனால் அந்த வரியிலேயே ஒரு கொக்கி போட்டிருக்கிறார்கள். விவசாய நிலம் சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்கள் நீங்கலாக என்று. நிலம், குத்தகை, வாரம், நிலக்காரனுக்கும் குடியானவனுக்கும் உள்ள உறவு எல்லாம் மாநிலப் பட்டியலில் 18ஆவது இனம். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தில் குத்தகை பற்றிய அத்தியாயமும், விவசாயக் குத்தகைக்குத் தானாகப் பொருந்தாது என்று 117ஆவது பிரிவிலே சொல்லி ஒதுங்கிக் கொள்கிறது.

ஆக, ஒரு டிராக்டரை வாங்குகிற ஒப்பந்தம் சேலத்திலும் மைசூரிலும் ஒன்றுதான். அந்த டிராக்டர் உழுகிற நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிற ஒப்பந்தம் ஒன்றல்ல.

முதலில் நம் மாநிலத்தைப் பார்ப்போம். இங்கே குத்தகை விடலாம், எடுக்கலாம். தடையில்லை. ஆனால் எடுத்தவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. 1955ஆம் வருஷத்துச் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று. தன் உடம்பு உழைப்பையோ, தன் குடும்பத்தாரின் உழைப்பையோ போட்டு, குத்தகைக்கு எடுத்த நிலத்தில் பயிர் செய்கிறவர்தான் சாகுபடி குத்தகைதாரர். வரப்பில் நின்று ஆள் விட்டு வேலை வாங்குகிறவர் இதில் வரமாட்டார். அப்படி உழைக்கிறவரை, குத்தகை பாக்கி வைத்தால், நிலத்தைப் பாழ்படுத்தினால், விவசாயம் அல்லாத காரியத்துக்கு உபயோகித்தால், நிலக்காரரின் உரிமையையே மறுத்தால், இப்படிச் சட்டம் சொல்கிற காரணங்களுக்காக மட்டுமே வெளியேற்ற முடியும். அதையும் வருவாய்த் துறையில் அதற்கென உள்ள அதிகாரி மூலமாகத்தான் செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு தப்பான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். நிலக்காரர்கள் பலர் பதினோரு மாதச் சீட்டு எழுதுகிறார்கள். பன்னிரண்டாவது மாதம் ஆளை எழுப்பிவிடலாம் என்று கணக்கு. வீட்டு வாடகையிலிருந்து வந்த பழக்கம் இது. ஆனால் 1955ஆம் வருஷத்துச் சட்டம், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நிலத்தில் தொடர்ந்து இருக்கிற உழைப்பாளியையும் சாகுபடி குத்தகைதாரர் என்றே சொல்கிறது. பதினோரு மாதம் என்று எழுதியதனால் அந்தப் பாதுகாப்பு போய்விடாது. பதினோரு மாதம் என்பதன் பிரயோஜனம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அதே சட்டம் குத்தகைச் சீட்டை மூன்று பிரதியாக எழுதச் சொல்கிறது. நிலக்காரரிடம் ஒன்று, குத்தகைதாரரிடம் ஒன்று, தாலுகா ஆபீசில் ஒன்று. எத்தனை பேர் அப்படிச் செய்கிறோம்? என் அனுபவத்தில் நூற்றுக்கு இரண்டு பேர் கூட இல்லை. வாய்ப் பேச்சுத்தான். "நமக்குள்ள எதுக்குங்க எழுத்து" என்பதுதான். 1969ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று குத்தகை உரிமைப் பதிவேடு என்று கிராமவாரியாக வைத்திருக்கிறது. அதில் பேர் ஏறினால் அது பெரிய பலம். பேர் ஏறிவிடும் என்று பயந்தே நிலக்காரர் எழுதித் தர மறுக்கிறார். எழுத்து இல்லாததால் பயிர்க் கடனுக்கும், பயிர் இன்ஷூரன்ஸுக்கும், வெள்ள நிவாரணத்துக்கும் குத்தகைதாரர் கிராம நிர்வாக அலுவலர் வாசலில் நின்று அடங்கலுக்குக் கெஞ்சுகிறார். பாதுகாக்க வந்த சட்டமே எழுத்தை விரட்டிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. இதைச் சொன்னால் கோபித்துக் கொள்கிறவர்கள் இரண்டு பக்கமும் உண்டு.

குத்தகை எவ்வளவு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1956ஆம் வருஷத்து நியாயக் குத்தகைச் சட்டத்தில் முதலில் நன்செய்க்கு மகசூலில் நூற்றுக்கு 40 என்று இருந்தது. பிறகு அதை 25 ஆகக் குறைத்தார்கள். நிலக்காரருக்குக் கால் பங்கு, உழைப்பவருக்கு முக்கால் பங்கு. சீட்டில் பாதிக்குப் பாதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், நியாயக் குத்தகையை நிர்ணயம் செய்யச் சொல்லி மனுப் போட முடியும்.

ஒரு மாநிலத்துக்குள்ளேயே கூட ஒரே சட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். திருச்சிச் சீமையில் கையேரு வாரம், மாட்டு வாரம் என்ற பழைய வழக்கங்களுக்காகவே 1958இல் தனிச் சட்டம் போட்டார்கள். கோயில் நிலம், அறக்கட்டளை நிலம் என்றால் 1961ஆம் வருஷத்துப் பொது அறக்கட்டளைகள் விவசாய நிலச் சட்டம் வருகிறது. கோயில் நிலத்தை ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகை விட வேண்டுமானால் இந்து சமய அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். தர்மகர்த்தா மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது.

இப்போது எல்லை தாண்டுவோம்.

கர்நாடகத்தில் 1961ஆம் வருஷத்து நிலச் சீர்திருத்தச் சட்டம். அதைத் திருத்தி 1974 மார்ச் 1ஆம் தேதி முதல், குத்தகையில் இருந்த நிலங்களை அரசு எடுத்துக்கொண்டு, உழுதவர்களுக்கே உரிமை கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். உழுதவன் சொந்தக்காரனான பிறகு மறுபடியும் குத்தகை முளைக்கக் கூடாது அல்லவா? அதனால் புதிதாகக் குத்தகை விடுவதையே தடை செய்தார்கள். பட்டாளத்துக்காரர், கப்பல் மாலுமி போன்ற சிலருக்கு மட்டும் விதிவிலக்கு. கேரளத்திலும் அதே கதைதான். 1963ஆம் வருஷத்து நிலச் சீர்திருத்தச் சட்டம், 1969இல் திருத்தப்பட்டு 1970 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. குடியானவருக்கு நிலம் சொந்தமாயிற்று. இனிமேல் பாட்டம் கிடையாது என்று 74ஆவது பிரிவு சொல்லிவிட்டது.

சட்டம் ஒன்று, நடப்பு ஒன்று. வயநாட்டு விவசாயிகள் இஞ்சி போட மைசூர்ப் பக்கமும் குடகுப் பக்கமும் போய் வருஷக் கணக்கில் பூமி பிடிக்கிறார்கள். கேரளத்திலேயே வாழைக்கும் காய்கறிக்கும் பாட்டத்துக்கு நிலம் விடுகிறார்கள். குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகச் சேர்ந்து அடுத்தவர் நிலத்தில் பயிர் செய்வது ஊரறிந்த சங்கதி. எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் நம்பி நடக்கிறது. நல்லபடியாக நடக்கும் வரை சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. சண்டை வந்தால்தான் அது கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும். வரும்போது யார் பக்கம் நிற்கும் என்பதுதான் கேள்வி.

ஆந்திரத்தில் வேறு தினுசு. அங்கே குத்தகைதாரரைக் கௌலு ரைத்து என்பார்கள். 2011இல் ஒரு சட்டம் போட்டு அடையாள அட்டை கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக 2019இல் பயிர்ச் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். பதினோரு மாத ஒப்பந்தம், நிலத்தின் மேல் எந்த உரிமையும் கிடையாது, பயிரின் மேல் மட்டும் கடன், இன்ஷூரன்ஸ், நிவாரணம் என்று பிரித்து வைத்தார்கள். யோசனை கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனால் அதற்கும் நிலக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு என்பதால், மறுபடியும் அதே வாசலில் போய்த்தான் நிற்க வேண்டியிருந்தது.

நிலத்தை வாங்குவதிலும் இந்த வித்தியாசம் உண்டு. தமிழ்நாட்டில் யார் வேண்டுமானாலும் விவசாய நிலம் வாங்கலாம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 15 தர ஏக்கர் என்ற உச்சவரம்புதான் கட்டுப்பாடு. கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவர் வாங்க முடியாது என்ற தடை 2020 வரைக்கும் இருந்தது. அந்த வருஷம்தான் எடுத்தார்கள். மராட்டியத்திலும் இமாசலப் பிரதேசத்திலும், விவசாயி அல்லாதவர் அரசு அனுமதியில்லாமல் விவசாய நிலம் வாங்க முடியாது என்று சட்டம் போட்டார்கள். முன்பணம் கொடுத்துவிட்டு அப்புறம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் லாபமில்லை.

நம் தாளவாடிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய காகிதத்தில் மூன்று ஓட்டை.

முதல் ஓட்டையைச் சொல்லிவிட்டேன். நிலம் இருக்கிற மாநிலத்தில் அந்த ஒப்பந்தத்துக்கே இடமில்லை. எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினோம், யார் எந்த ஊர்க்காரர் என்பது முக்கியமல்ல. நிலம் எங்கே இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டம்தான். "தமிழ்நாட்டுச் சட்டப்படி" என்று சீட்டிலே ஷரத்து எழுதினாலும் அது கர்நாடக மண்ணுக்குப் பொருந்தாது.

இரண்டாவது, பதிவு. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையும், வருஷக் குத்தகை என்று குறிப்பிட்ட குத்தகையும் 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி ரிஜிஸ்தர் ஆக வேண்டும். நிலம் எந்தச் சார்பதிவாளர் எல்லையில் இருக்கிறதோ அங்கே. எழுதி நாலு மாதத்துக்குள். ரிஜிஸ்தர் ஆகாத குத்தகைச் சீட்டைக் காட்டிக் கோர்ட்டில் குத்தகை உரிமையைக் கேட்க முடியாது. பதினோரு மாதச் சீட்டு எழுதுகிற பழக்கம் இதிலிருந்து தப்பிக்கத்தான் வந்தது. அதன் பிரயோஜனம் அவ்வளவுதான்.

மூன்றாவது, முத்திரைத்தாள். முத்திரைக் கட்டண விகிதத்தை நிர்ணயிப்பது பெரும்பாலான பத்திரங்களுக்கு மாநில அரசுதான். தமிழ்நாட்டுக் கருவூலத்துக்குப் போன பணம் கர்நாடகத்துக்கு வரவாகாது. போதிய முத்திரை இல்லாத பத்திரத்தைக் கோர்ட் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது. குறைந்த கட்டணத்தையும் அதற்கு மேல் அபராதத்தையும் கட்டினால்தான் பார்க்கும். அந்த அபராதம் பத்து மடங்கு வரைக்கும் போகலாம்.

இவை சட்டத்து ஓட்டைகள். சீட்டில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நிலத்தின் பரப்பு 4-20 என்று அந்த ஊர்ப் பகணியில் இருந்தது. இவர் அதை 4 ஏக்கர் 20 சென்ட் என்று எழுதிக்கொண்டார். அங்கே புள்ளிக்குப் பின்னால் வருவது சென்ட் அல்ல, குண்டா. 40 குண்டா ஒரு ஏக்கர். ஆக 4-20 என்றால் நாலரை ஏக்கர். கையில் இருந்தது நாலரை ஏக்கர், காகிதத்தில் இருந்தது நாலேகால் கூட இல்லை. மீதி நிலத்தில் இவர் போட்ட இஞ்சிக்குக் காகிதமே கிடையாது. ஏக்கருக்கு இவ்வளவு என்று குத்தகை பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் அங்கே வேறு பேரில், வேறு அளவில் இருக்கும். உள்ளூர்க் கணக்கறிந்த ஒருவரை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பையன்கள் "நாங்கள் பொறுப்பில்லை" என்று சொன்னதையும் சும்மா தள்ள முடியாது. பூர்வீகச் சொத்தில் தகப்பன் மட்டும் கையெழுத்துப் போட்டால் பின்னால் மக்கள் தகராறு செய்ய இடம் உண்டு. மக்கள் என்றால் பெண் மக்களும் சேர்த்துத்தான். நாடு முழுக்கப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தது 2005இல்தான் என்றாலும், அதற்கு முன்பே ஆந்திரம் 1986இலும், தமிழ்நாடு 1989இலும், கர்நாடகம் 1994இலும் தனித்தனியே கொடுத்துவிட்டன. கலியாணம் ஆகிப் போன பெண்ணின் கையெழுத்து எதற்கு என்று கேட்கிற பெரியவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வாங்கி வையுங்கள்.

சரி, ஆறு லட்சம் போனது போனதுதானா? அப்படியும் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, சட்டம் தடுத்த காரியத்துக்கான ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதே சட்டத்தின் 65ஆவது பிரிவு, ஒப்பந்தம் செல்லாதது என்று தெரியவந்தால், அதன்பேரில் ஆதாயம் அடைந்தவர் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது. அதாவது நிலத்தைக் கேட்க முடியாவிட்டாலும் பணத்தைக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் தடை இருப்பது தெரிந்தே செய்தார்கள் என்று ஏற்பட்டால் கோர்ட் கையை விரித்துவிடும். ஆகவே, அவருக்குத் தடை தெரியாது என்பதை முதலிலேயே ஆதாரத்தோடு சொல்ல வேண்டியிருந்தது. நோட்டீஸ் அனுப்பினோம். எழுத்து முழுக்க அந்த 65ஆவது பிரிவின்மேல்தான். முடிவை உரையின் கடைசியில் சொல்கிறேன். இன்னொரு முக்கியமான சங்கதி பாக்கி இருக்கிறது.

கம்பெனி ஒப்பந்தம். கறிக்கோழி வளர்க்கிறவர்கள், வெள்ளரி போடுகிறவர்கள், விதை உற்பத்தி செய்து கொடுக்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஒப்பந்தங்களில் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். தகராறு ஏற்பட்டால் இன்ன ஊர் நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் உண்டு என்று. அந்த ஊர் பெரும்பாலும் மும்பையாகவோ, ஐதராபாதாகவோ, பெங்களூராகவோ இருக்கும். உடுமலைப்பேட்டைக்காரர் நாற்பதாயிரம் ரூபாய் பாக்கிக்காக மும்பைக்கு எத்தனை வாய்தா போவார்?

இதில் சேலத்துக்காரர் ஒருவருடைய வழக்கு பிரசித்தம். 1974இல் குஜராத் கம்பெனி ஒன்றிடம் ஜரிகை நூல் வாங்க ஒப்பந்தம். தகராறு வந்தால் கைரா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது என்று அதில் ஒரு ஷரத்து. சரக்கு விஷயத்தில் தகராறு வந்து சேலத்தில் வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட், உயர்நீதிமன்றம் என்று போய், 1989இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது என்னவென்றால், ஷரத்தில் 'மட்டும்' என்கிற மாதிரி வார்த்தை இல்லை, ஆகவே சேலத்திலும் வழக்குப் போடலாம் என்று. எந்த ஊரில் வழக்கு நடக்க வேண்டும் என்பதற்கே பதினைந்து வருஷம்! அதற்குப் பிறகு 2013இல் சுப்ரீம் கோர்ட் இன்னொரு வழக்கில், 'மட்டும்' என்ற வார்த்தை இல்லாவிட்டாலும், ஒரு ஊரைக் குறிப்பிட்டாலே மற்ற ஊர்களை விலக்கியதாகத்தான் அர்த்தம் என்று சொல்லிவிட்டது. ஆகவே 'மட்டும்' இல்லையே என்று தைரியமாக இருக்க வேண்டாம்.

ஒரு வரம்பு உண்டு. சம்பந்தமே இல்லாத ஊர்க் கோர்ட்டுக்கு, நாமாக எழுதி அதிகாரத்தை உண்டாக்க முடியாது. இது 1971லேயே தீர்ந்துபோன சங்கதி. ஒப்பந்தம் நடந்த இடம், சரக்குக் கொடுத்த இடம், எதிர்த் தரப்பு இருக்கிற இடம், இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். நிலத்தைப் பற்றிய வழக்கு என்றால் நிலம் இருக்கிற இடத்தில்தான் போட வேண்டும். மத்தியஸ்தர் தீர்ப்பு என்று எழுதியிருந்தால் மத்தியஸ்தம் நடக்கும் இடம் எது என்று பாருங்கள். அந்த ஊர்க் கோர்ட்டுக்குத்தான் அதிகாரமும் போய்ச் சேரும். 2017இல் ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் இப்படித்தான் சொன்னது.

விதை வாங்கிக் கெட்டுப்போனவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. விதை வாங்குகிற விவசாயி நுகர்வோர்தான், ஒப்பந்தத்தில் மத்தியஸ்த ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று ஆந்திர விவசாயிகள் வழக்கில் 2012இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி, புகார் செய்கிறவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். மும்பை போக வேண்டாம். பில்லையும், விதைப் பையையும், அதில் ஒட்டியிருக்கிற அட்டையையும் எறியாமல் வையுங்கள். கொஞ்சம் விதையும் மிச்சம் வைத்தால் சோதனைக்கு உதவும்.

ஒப்பந்தச் சாகுபடிக்கென்றே தமிழ்நாடு 2019இல் தனிச் சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்றது. விளைபொருளோடு கால்நடையும் அதில் அடக்கம். விலையை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும், விவசாயியின் நிலத்தின் மேல் வாங்குகிறவருக்கு எந்த உரிமையும் வராது என்பவை அதன் சாரம். 2020இல் மத்திய அரசு போட்ட ஒப்பந்தச் சாகுபடிச் சட்டம், சிவில் கோர்ட்டுக்கே போகக் கூடாது, கோட்ட அளவு அதிகாரியிடம்தான் போக வேண்டும் என்றது. அது மற்ற இரண்டு சட்டங்களோடு 2021இல் ரத்தாகிவிட்டது. சில கம்பெனித் தாள்களில் அந்த ரத்தான சட்டத்தின் பேர் இன்னும் அச்சாகியிருப்பதை நானே பார்த்தேன். அப்படிப் பார்த்தால், வேறு என்னென்ன பழைய சரக்கு உள்ளே இருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

கிரய ஒப்பந்தம் பற்றியும் ஒரு வார்த்தை. 2012 டிசம்பர் 1ஆம் தேதி முதல் தமிழ்நாட்டில் நிலம் விற்பதாகச் செய்யும் ஒப்பந்தத்தையும், நிலம் சம்பந்தமான பவர் பத்திரத்தையும் ரிஜிஸ்தர் செய்வது கட்டாயம். இது நம் மாநிலம் செய்துகொண்ட திருத்தம். ரிஜிஸ்தர் ஆகாத ஒப்பந்தத்தை வைத்து, கிரயம் செய்து கொடு என்று வழக்குப் போடலாமா என்பதில் குழப்பம் இருந்தது. போடலாம், சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023இல் சுப்ரீம் கோர்ட் நம் மாநிலத்து வழக்கிலேயே சொன்னது. அதற்காகப் பதிவை விட்டுவிடாதீர்கள். கோர்ட் படி ஏறாமல் இருப்பதற்குத்தான் பதிவு.

கர்நாடகப் பக்கமோ கேரளப் பக்கமோ போய்ப் பயிர் செய்ய வேண்டியவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். போகாதே என்று சொல்ல எனக்கு மனசில்லை. பிழைப்பு அங்கே இருக்கிறது. போகிறவர்கள், மூன்று வருஷப் பணத்தை ஒரே தவணையாகக் கொடுக்காதீர்கள். ஒரு வெள்ளாமைக்கு உண்டான பணத்தை மட்டும், அதையும் பாதி நடவின்போது, பாதி அறுப்பின்போது என்று பாங்கி மூலமாகக் கொடுங்கள். ரொக்கம் வேண்டாம். குழாய், மோட்டார், சொட்டுநீர் யாருடையது, எழும்பிப் போகும்போது யார் எடுத்துக்கொள்வது என்று எழுதுங்கள். நிற்கிற பயிர் அறுப்பு முடியும் வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று எழுதுங்கள். கன்னடத்தில் எழுதினால் தமிழிலும் ஒரு பிரதி எழுதி இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். இதெல்லாம் இருந்தால் குத்தகை உரிமை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கொடுத்த பணத்துக்கும் போட்ட முதலுக்கும் தடயம் இருக்கும். அந்த ஊரிலேயே ஒரு வக்கீலைப் பார்த்து ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்து, எழுதுவதற்கு முன்னால் கேளுங்கள். என்னைப் போல் இந்தப் பக்கத்து வக்கீலை, எழுதிய பிறகு வந்து கேட்காதீர்கள்.

தாளவாடிக்காரர் பணத்தில் பாதியை பாங்கி மூலம் கொடுத்திருந்தார். அதுதான் அவரைக் காப்பாற்றியது. அதை மறுக்க முடியாமல், ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் நடுவில் உட்கார்ந்து பேசியதில், மீதி இரண்டு வருஷத்துக் குத்தகையில் பாங்கி மூலம் போனதாக ஒப்புக்கொண்ட வகையில் இரண்டு லட்சத்தை மூன்று தவணையில் திருப்பிக் கொடுத்தார்கள். ரொக்கமாகக் கொடுத்ததற்கு ரசீது இல்லை, அது வரவில்லை. சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டி எடுத்துவந்துவிட்டார். பூமிக்குள் இறக்கிய குழாய் அங்கேயே இருக்கிறது.

போன தையில் வந்திருந்தார். இந்தப் பக்கமே இரண்டு ஏக்கர் பேசி வைத்திருப்பதாகச் சொன்னார். "மூணு பிரதி எழுதணும்னு சொன்னீங்களேங்க, பூமிக்காரரு அதுக்கு ஒத்துக்க மாட்டேங்கறாரு" என்றார். அவரையும் அழைத்து வாருங்கள், உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.